மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு

பதுளை, மொனராகலைப் பக்கத்து ஸ்கேன் அறைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளா, ஓய்வு பெற்ற ஒரு தாதி சொல்வதைக் கேளுங்கள்.

1. ஊசி மருந்து ஏற்றிப் படம் எடுத்தவரை, "முடிஞ்சது, போகலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பசறைப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவை நான் அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் விடியும்போது இரண்டு தாடைக்குக் கீழும் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். லயத்தில் பொன்னுக்கு வீங்கி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டார்கள். அதுவும் இரவல் சங்கிலி. பேரப்பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் பேர், அதாவது தோட்டக் கூலி, போனது. நான்காம் நாள் வீக்கம் தானாக வற்றிவிட்டது.

2. அது தொற்றுநோய் அல்ல, ஊசி மருந்தில் உள்ள அயடின் செய்த வேலை. 1956இலேயே சஸ்மன், மில்லர் என்ற இருவர் சிறுநீர்ப்பாதைப் படம் எடுத்தவரிடம் இதைக் கண்டு 'அயடைட் மம்ப்ஸ்' என்று எழுதினார்கள். மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயடின் 150 மைக்ரோகிராம். நாம் ஏற்றும் 100 மில்லிலீட்டர் மருந்தில் 30 கிராம்கூட இருக்கும். அநேகமாக எல்லாம் மருந்தோடு கட்டுண்டு சிறுநீரில் போய்விடும். கட்டு விட்ட கொஞ்சத்தை, தைரொயிட் இழுப்பதுபோல உமிழ்நீர்ச் சுரப்பியும் இழுக்கிறது. அதன் நுண்குழாய்கள் வீங்கி, உமிழ்நீர் தேங்குகிறது. சில நிமிடத்திலும் வரும், சில நாள் கழித்தும் வரும்.

3. கிரியேட்டினின் பெறுபேற்றைக் கேட்டு வாங்குங்கள். மருந்து வெளியேறும் வழி கிட்னிதான். அது தளர்ந்திருந்தால் அயடின் உடம்பில் தங்கும். நம்முடைய பதுளை மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டையில் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் எத்தனை வீடுகள் தவிக்கின்றன! அங்கிருந்து வருபவரைக் கூடுதலாக விசாரியுங்கள். நல்ல கிட்னி உள்ளவருக்கும் இந்த வீக்கம் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம்: இது வேறு, ஒவ்வாமை. உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

5. வெறும் கன்ன வீக்கமென்றால் வெதுவெதுப்பான ஒத்தடமும், வலித்தால் பனடோலும் போதும். கிட்னி நோயாளி கடையில் வேறு வலிமாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ திரும்பி வரச் சொல்லுங்கள்.

6. ஒருமுறை வீங்கியவருக்கு அடுத்த முறையும் வீங்கலாம். கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயர், திகதி, வீக்கம் வந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு அவருக்கு விளங்கும் தமிழில், பஸ்ஸுக்கு அவசரப்பட்டாலும் நிறுத்திச் சொல்லுங்கள்: "அம்மா, நாளைக்குக் கன்னம் வீங்கினாலும் வீங்கும். ஒட்டுற நோய் இல்ல. பேரப்பிள்ளைய மடியில வச்சுக்கலாம்."