வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாமா?

ஆஃபர் லெட்டர் வந்ததும் நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் ஆரம்பிக்கும் பஞ்சாயத்து இது. சென்னையில் ரூம் எடுப்பதா, தினமும் போய் வருவதா? விழுப்புரத்திலிருந்து எழும்பூர் சுமார் 160 கிலோமீட்டர். தினம் போய் வந்தா வீடு தூங்குறதுக்கு மட்டும்தான். திண்டிவனத்துக்காரங்களுக்குச் செங்கல்பட்டு பக்கம் வேலைன்னா சமாளிக்கலாம். (பொண்ணுங்களுக்கு இந்த சாய்ஸே பல வீட்டில் கிடையாது, அது தனிச் சண்டை.)

தூரத்தை விடுங்க. "நம்ம வீடுதானே" என்கிறோம் இல்லையா, அங்கேதான் சிக்கல். பெற்றோர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் வசிக்க, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், மகனுக்குச் சட்ட உரிமை கிடையாது. அவர்கள் அனுமதிக்கும் வரைதான் இருக்கலாம் என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூர்வீகச் சொத்து வேற கணக்கு.

சரி, தனியா போயிட்டா பொறுப்பு முடிஞ்சுதா? அதுவும் இல்லை. தங்களைத் தாங்களே பராமரிக்க முடியாத பெற்றோர், வளர்ந்த பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. மகன், மகள் இருவருக்கும் இது பொருந்தும். நீங்க எந்த ஊரில் இருந்தாலும்தான்.

அதனால முதல் சம்பளத்துக்கு முன்னாடியே வீட்டில் உட்கார்ந்து பேசுங்க. எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க, கரண்ட் பில், மளிகையில் உங்க பங்கு எவ்வளவு? அப்புறம், நீங்க கூடவே இருக்கிறது அவங்களுக்குச் சம்மதமா? இந்தக் கடைசிக் கேள்வியை நம்மில் யாரும் கேட்பதே இல்லை.