முன்னோர் மொழி வழங்கும் ஊர்கள்

கிரேக்க நாட்டிற்குப் புகைப்படக் கருவியுடன் செல்வோர் பெரும்பாலும் முதலில் ஏதென்ஸ் நகரில் இறங்குவர். அங்குள்ள அக்ரோபோலிஸ் குன்றின்மேல் 2,400 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் பார்த்தினன் கோயிலின் பளிங்குத் தூண்களைப் படம் பிடிப்பர். பின்னர்க் கப்பலேறிச் சந்தோரினி போன்ற தீவுகளுக்குச் சென்று, வெள்ளைச் சுவர்களையும் நீலக் கடலையும் படம் பிடித்துத் திரும்புவர். கான்ஸ்டன்டைன் மனோஸ் என்னும் கலைஞரோ தூண்களைத் தேடிச் செல்லவில்லை. மனிதர்களைத் தேடிச் சென்றார்.

மனோஸ் 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர்கள். வீட்டினுள் ஒரு பண்பாடும் தெருவில் வேறொரு பண்பாடுமாக வளரும் பிள்ளைக்கு முன்னோர் நாடு என்பது உணவாலும் விழாக்களாலும் பெரியோர் சொல்லும் கதைகளாலும் ஆன நாடு. கேட்டறிந்த நாடும் கண்ணால் காணும் நாடும் ஒத்திருக்குமா? அங்குச் சென்று வாழ்ந்து பார்த்தாலன்றி இதற்கு விடை இல்லை.

இளமையிலேயே புகைப்படம் எடுக்கத் தொடங்கிய மனோஸ், 19 வயதில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் புகைப்படக் கலைஞரானார். 1961 முதல் 1964 வரை கிரேக்க நாட்டில் தங்கினார். சுற்றுலாப் பயணி மூன்று நாளில் ஒரு தீவைப் பார்த்து முடித்துவிடுவார். மனோஸ் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், அவையும் மிகையல்ல.

அக்காலத்தில் கிரேக்கச் சிற்றூர்கள் வெறுமையாகிக் கொண்டிருந்தன. மேற்கு ஜெர்மனி 1960ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இளைஞர் பலர் அந்நாட்டின் ஆலைகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். ஊரில் முதியோரும் பெண்களும் குழந்தைகளும் எஞ்சினர். ஊரார் வெளியேறிய அதே வேளையில், கடல் கடந்து குடியேறிய குடும்பத்தின் மகன் எதிர்த்திசையில் வந்து சேர்ந்தார்.

அவர் படமெடுத்த இடங்களுள் கார்ப்பதோஸ் தீவும் ஒன்று. கிரீட் தீவுக்கும் ரோட்ஸ் தீவுக்கும் இடையே அது அமைந்துள்ளது. அதன் வடபகுதியில் மலைமுகட்டை ஒட்டி ஒலிம்போஸ் என்னும் ஊர் இருக்கிறது. நெடுங்காலம் அவ்வூருக்குச் சாலை கிடையாது. மலைப்பாதையில் நடந்தோ கழுதை மீதேறியோ செல்ல வேண்டும். இத்தனிமையால் பழைய வழக்கங்கள் அங்கு நிலைத்தன. பெண்கள் பூவேலைப்பாடு அமைந்த உடை அணிந்தனர். வீட்டுக்கு வெளியே உள்ள மண்ணடுப்புகளில் ரொட்டி சுட்டனர். விழா நாள்களில் ஆட்டுத்தோலால் ஆன ஊதுகருவி ஒலிக்கும். அவ்வூரார் பேச்சில் பிற இடங்களில் வழக்கொழிந்த பழஞ்சொற்களும் உண்டு. ஈஸ்டர் திருநாளுக்குப் பின்வரும் செவ்வாய்க்கிழமை, புனிதர்களின் திருவுருவப் படங்களைச் சுமந்து ஊர்வலமாக இடுகாட்டிற்குச் செல்வர். இறந்தோரும் திருநாளில் பங்குபெற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இத்தகைய ஊரில் அயலார் ஒருவர் கருவியை உயர்த்தினாலே பேச்சு நின்றுவிடும். மனோஸ் பயன்படுத்திய லைக்கா சிறிய கருவி. அதன் ஓசையும் மெல்லியது. ஆயினும் கருவி மட்டும் போதாது. அருகில் நிற்க ஊரார் இசைய வேண்டும். அன்று ஒரு படச்சுருளில் 36 படங்களே எடுக்கலாம். எடுத்த படம் நன்றாக அமைந்ததா என உடனே பார்க்க வழியில்லை. இருட்டறையில் சுருளைக் கழுவிய பின்னரே தெரியும். ஆகவே கலைஞர் நெடுநேரம் காத்திருந்து, ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

மனோஸ் 1963ஆம் ஆண்டு மேக்னம் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் அமைப்பில் சேர்ந்தார். அவருடைய கிரேக்கப் படங்கள் 1972ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். பிற்காலத்தில் அமெரிக்காவை வண்ணத்தில் படமெடுத்தும் அவர் புகழ்பெற்றார்.

அந்நூலைக் கிரேக்க நாட்டின் முழு உருவம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அதே ஆண்டுகளில் ஏதென்ஸில் அடுக்குமாடிக் கட்டடங்கள் விரைந்து எழுந்துகொண்டிருந்தன. மனோஸின் கண் பெரும்பாலும் சிற்றூர்களிலேயே தங்கியது. மறையப் போவதை முதலில் பதிவுசெய்ய அவர் விரும்பினார் போலும்.

இன்று ஒலிம்போஸ் ஊருக்குச் சாலை உண்டு, பயணிகளும் வருகின்றனர். ஆகஸ்ட் 15ஆம் நாள் நடைபெறும் மரியன்னை விழாவிற்கு, பிரேயஸ் துறைமுக நகரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் குடிபெயர்ந்தோர் தம் பிள்ளைகளுடன் வந்து சேர்கின்றனர்.

சொற்பொருள்
முகடு – உச்சி
இசைதல் – உடன்படுதல்
எஞ்சினர் – மீதமிருந்தனர்

பயிற்சி
1. ஒலிம்போஸ் ஊரில் பழைய வழக்கங்கள் நிலைத்தமைக்குக் காரணம் யாது?
2. மனோஸின் நூல் கிரேக்க நாட்டின் முழு உருவம் ஆகாது என்பதை விளக்குக.
3. உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் ஒரே ஒரு புகைப்படம் மட்டும் எடுக்கலாம் எனில், எதனை எடுப்பீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.