நூதனசாலையில் ஒரு சிற்பத்தைப் பார்த்தல்

சித்திரம் – கலை வரலாறும் இரசனையும்

மாணவர்களே, பாடசாலைச் சுற்றுலாவின்போது கொழும்பு தேசிய நூதனசாலைக்கு உங்களுள் பலர் சென்றிருப்பீர்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லா மண்டபங்களையும் சுற்றிவிட்டு பஸ்ஸில் ஏறியும் இருப்பீர்கள். பரீட்சையில் அங்குள்ள சிற்பம் ஒன்றைப் பற்றி வினா வந்தால், "இது மிகவும் அழகான சிற்பம். கலைஞரின் திறமையை வெளிப்படுத்துகிறது" என்று எழுதுவோர் அநேகர். எந்தச் சிற்பத்துக்கும் பொருந்தும் இந்த வசனத்துக்குப் புள்ளி கிடைப்பது அரிது.

ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் நிறுவப்பட்ட இந்த நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அடுத்த முறை செல்லும்போது எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கண்டெடுக்கப்பட்ட இந்து வெண்கலப் படிமங்களில் இரண்டை மட்டும் தெரிவுசெய்யுங்கள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

முதலாவது நடராசர். வலது பின்கையில் உடுக்கு, இடது பின்கையில் தீ, வலது முன்கையில் அபய முத்திரை, தூக்கிய இடது பாதத்தைச் சுட்டும் இடது முன்கை, வலது காலின் கீழ் முயலகன். இவை நீங்கள் மனனம் செய்தவை. புத்தகத்துப் படம் முன்பக்கத்தை மட்டுமே காட்டும். நூதனசாலையில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உடலின் பாரம் முழுவதையும் ஒரு கால் தாங்குவது அப்போதுதான் புரியும். பீடத்தையும் கவனியுங்கள். இத்தகைய படிமங்கள் பல திருவிழாவில் வீதியுலா கொண்டுசெல்வதற்காகவே வார்க்கப்பட்டவை. தண்டு செருகத் துளையோ வளையமோ உண்டா எனத் தேடுங்கள்.

இரண்டாவது காரைக்கால் அம்மையார். இங்குதான் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். மெலிந்த உடல், தளர்ந்த மார்பு, கைகளில் தாளம். "ஐயோ, அசிங்கமாக இருக்கிறதே" என்று சிலர் நகர்ந்துவிடுவர். சைவநெறிப் பாடத்தில் படித்த கதையை நினைத்துப் பாருங்கள். புனிதவதியார் தம் அழகைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றவர். அப்படியானால் சிற்பி அவரை அழகியாக வார்ப்பது எப்படிச் சரியாகும்? அம்மன் சிலைகளில் வளைவும் நளினமும் தந்த அதே மரபு, இங்கே எலும்பும் தோலுமான உடலைத் துணிந்து வடித்திருக்கிறது. என் கருத்தில் நடராசரை விட இதுவே கடினமான வேலை.

இனி உத்தி. மெழுகில் உருவம் செய்து, அதன்மீது களிமண் பூசிக் காயவிடுவர். பின்பு சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறிய பின் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு அச்சில் ஒரு சிலைதான். இதனை "மெழுகு வார்ப்பு முறை" எனக் குறிப்பிடுங்கள்.

தாரா தேவியின் சிலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொழும்பில் இருப்பது பிரதி. கிழக்குக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்ட, பொன்முலாம் பூசிய மூலச்சிலை இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. முன்னாள் ஆளுநர் பிரவுண்றிக் அதை 1830இல் அங்கு வழங்கினார். நம் நாட்டுச் சிலையை நாம் பிரதியில் பார்க்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியதே. விடையில் அது கொழும்பில் இருப்பதாக எழுதிவிடாதீர்கள்.

இப்போது இரண்டு விடைகளை ஒப்பிடுங்கள்.

விடை அ: காரைக்கால் அம்மையார் சிலை பொலன்னறுவையைச் சேர்ந்தது. வெண்கலத்தால் ஆனது. மிகவும் சிறப்பானது.

விடை ஆ: பொலன்னறுவைக் காலத்து வெண்கலப் படிமம். மெழுகு வார்ப்பு முறையில் ஆக்கப்பட்டது. மெலிந்த உடலும் தளர்ந்த மார்பும் அவர் துறந்த அழகை உணர்த்துகின்றன. கையிலுள்ள தாளம் அவர் இறைவனைப் பாடுபவர் என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது விடை நான்கே வரிதான். ஆயினும் ஒவ்வொரு வரியிலும் கண்ணால் கண்டது ஒன்றோ கற்றது ஒன்றோ இருக்கிறது.

செல்லும்போது பென்சிலும் கோடிடாத கொப்பியும் கொண்டுபோங்கள். தொலைபேசியில் படம் எடுப்பதை விட, பத்து நிமிடம் நின்று வரைந்தால் கையின் வளைவு மனதில் பதியும். கொழும்புக்குச் செல்ல வசதியில்லாதவர்கள் தம் ஊர்க் கோயிலின் எழுந்தருளி விக்கிரகத்தை, குருக்களிடம் கேட்டு, இதே முறையில் அவதானிக்கலாம்.

பயிற்சி: நீங்கள் நேரில் பார்த்த ஒரு சிற்பத்தின் ஊடகம், உத்தி, உடல் நிலை, கையில் உள்ள பொருள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஐந்து வசனங்கள் எழுதுக. "அழகான", "சிறப்பான" ஆகிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது.