எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது

அன்புள்ள தம்பிக்கு,

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குத் தண்டலம் திரும்புகிறவர், குளுக்கோமீட்டர் காட்டுவதை ‘வெறும் வயிறு’ என்று நோட்டில் குறித்துவிடுகிறார். பின்னிரவு இரண்டு மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டிருந்தால் அது வெறும் வயிற்றுக் கணக்கே ஆகாது. அதற்குக் குறைந்தது 8 மணி நேர இடைவெளி வேண்டும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எண்ணைப் படிக்கும் அறிவும் அதோடு வர வேண்டும் என்பதே என் வாதம்.

“மெஷின் வைத்துப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை என்று ஆய்வே சொல்கிறதே” என்று நீ கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்சுலின் போடாத 450 பேரை ஓராண்டு கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள், நாளுக்கு ஏழு முறை பார்த்துக் குறித்தார்கள். டாக்டரும் அதைப் படித்து மருந்தை மாற்றினார். அவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கூடுதலாகக் குறைந்தது. குத்துவது இரண்டிலும் ஒன்றுதான். குத்திய பிறகு நடந்ததுதான் வேறு.

ஸ்ட்ரிப் விலை அடுத்த தடை. மாத்திரை மட்டும் எடுப்பவர் பலருக்குத் தினமும் தேவைப்படாது. ஒரு வாரம், ஒரே வேளை உணவுக்கு முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால், எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் கதை வேறு: வியர்த்து, கை நடுங்கினால் உடனே பார்க்க வேண்டும். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறும்வரை வண்டியைத் தொடக் கூடாது.

லேப் அளவோடு ஒத்துப்போகவில்லை என்று மெஷினைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. 100க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பதைச் சர்வதேசத் தர விதியே ஏற்கிறது. ஆகவே 142, 150 ஆனதற்குப் பதற வேண்டாம். மாம்பழம் தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் வரும் பொய்யான ஏற்றம் அதைவிடப் பெரிது. கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்து. எண்ணுக்குப் பக்கத்தில் ஷிப்ட், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், போட்ட மருந்து என எல்லாவற்றையும் எழுதி, அந்த நோட்டை டாக்டர் மேஜையில் திறந்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்