கல்லடைப்பு வலிக்கு எந்த மருந்து?

விலாவின் பின்புறத்தில் திடீரெனப் பிடித்து, அடிவயிறு, தொடைச்சந்து வரை இறங்கும் வலி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, வாந்தியும் வரும். சிறுநீரகத்தில் உண்டான கல் சிறுநீர்க்குழாயில் இறங்கிச் சிக்கிக்கொள்வதே காரணம். டயகமவில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு இவ்வலி வந்தால், வீட்டிலுள்ள குளிசையைக் கொடுப்பதா, வாகனம் பிடிப்பதா என்று எல்லோரும் தடுமாறுவோம். ஆகவே இதைப்பற்றி முன்கூட்டியே அறிந்து வைப்போம்.

வலி ஏன் வருகிறது?

கல் வழியை மறிப்பதால் மேலே சிறுநீர் தேங்கி அழுத்தம் கூடுகிறது. அப்போது சிறுநீரகத்தில் உண்டாகும் புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. டைக்குளோபினாக் இப்பொருள் உண்டாவதைக் குறைக்கிறது. மோர்பினோ வலி உணர்வைத்தான் மந்தப்படுத்துகிறது.

எது சிறந்தது?

நம்மவர் பலர் தொழிலுக்குச் செல்லும் கட்டாரில், ஹமாட் பொது வைத்தியசாலையில் 1,645 நோயாளரிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். முடிவு 2016இல் வெளிவந்தது. அரை மணி நேரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள்:

1. டைக்குளோபினாக் (தசையில் ஊசி) – 68 வீதம்
2. பரசிட்டமோல் (நரம்பு வழியாக) – 66 வீதம்
3. மோர்பின் (நரம்பு வழியாக) – 61 வீதம்

பக்கவிளைவு மோர்பின் பெற்றவர்களில் 3 வீதம். மற்ற இரண்டிலும் 1 வீதம்.

யாருக்கு ஆகாது?

டைக்குளோபினாக் நல்ல மருந்துதான். ஆனால் பழுதடைந்த சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். குடற்புண், இருதய நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இம்மருந்தால் இழுப்பு வருபவர்களுக்கும் ஆகாது. டெங்கு என்று சந்தேகிக்கும் காய்ச்சலிலும் கொடுக்கக் கூடாது, இரத்தக்கசிவு ஏற்படலாம்.

வட மத்திய மாகாணத்திலும் வவுனியாப் பக்கத்திலும் விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து காணப்படுகிறது. அது நெடுங்காலம் அறிகுறி காட்டாது. அப்பகுதிகளில் வயல் செய்துவிட்டு இடம்பெயர்ந்து வந்தவர்கள், கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும், முன்பு வாழ்ந்த ஊரையும் குடித்த கிணற்றுநீரையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் இரத்தத்தைப் பரிசோதித்து ஏற்ற மருந்தைத் தெரிவு செய்வார்.

உடனே செல்லுங்கள்

வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீர் வராமை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வலி நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ள முயலாதீர்கள். வலி தீர்ந்தபின் நாள்தோறும் போதிய நீர் அருந்துவதே மீண்டும் கல் உண்டாவதைக் குறைக்கும்.

சிந்திக்க

1. உங்கள் வீட்டில் சிறுநீரக நோய் உள்ளவர் யார்? அது எல்லோருக்கும் தெரியுமா?
2. இரவில் வாகனம் தரக்கூடியவர் உங்கள் லயத்தில் யார்?