பட்டினியும் பயிற்சியும்

உடல் மெலிய வேண்டுமென்று உணவை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, கூடவே ஓடியாடிப் பயிற்சியும் செய்தால் நன்மை விளையுமா?

போரினால் பட்டினி கிடந்தோருக்கு உதவும் வழி காண, 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாமே முன்வந்த 36 இளைஞர்கள் அதில் பங்கேற்றனர். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது. ஆயினும் வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. கொழுப்பு மட்டுமா கரைந்தது? தசையும் கரைந்தது, நாடித்துடிப்புத் தளர்ந்தது, கோடையிலும் குளிர் வாட்டியது, உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமற்போயிற்று.

காரணம் என்ன? உணவு போதாதபோது உடல் தன் தசையையே எரித்துச் சக்தி பெறுகிறது. பயிற்சியால் வளர வேண்டிய தசை தேய்கிறது. வளரும் பெண்களுக்கோ எலும்பும் வலுவிழக்கும். நாளொன்றுக்கு 800 கலோரிக்குக் குறைந்த உணவு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே உண்ணத்தக்கது.

ஆகவே தோழியரே, காலை உணவைத் தவிர்த்துவிட்டு மைதானத்திற்கு வராதீர்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்!