கைக்குழந்தைக்குப் பாலைத் தவிர வேறு பானம் தேவையா?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர் காரோடு. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லைக்கு இருபுறமும் பேச்சும் உறவும் உணவும் கலந்தே இருக்கின்றன. குழந்தை வளர்ப்பிலும் அப்படியே. ஒரு வீட்டில் சீரக வெள்ளம். அடுத்த வீட்டில் கருப்பட்டித் தண்ணீர். பிறந்த சிசுவின் நாவில் பொன்னும் வயம்பும் தேனில் உரைத்துத் தடவுவது மலையாள வழக்கம். சர்க்கரை நீரால் சேனை வைப்பது தென் தமிழ்நாட்டு வழக்கம். பெயர்கள் வேறாயினும் கருத்து ஒன்றே: பால் மட்டும் போதாது, குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்பது.

இக்கருத்து சரியானதா என்பதே ஆராயத் தக்கது.

ஆறு மாதம் வரை

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீரே. குழந்தை பால் குடிக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்திருக்கும். பின்னர் வரும் பாலில் கொழுப்பு மிகும். ஆகவே தாகமும் பசியும் ஒரே இடத்தில் தீருகின்றன. வெப்ப நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளிலும், தாய்ப்பால் மட்டுமே அருந்திய சிசுக்களுக்குக் கோடையில்கூட நீர்க் குறைவு ஏற்படவில்லை. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்கு வேண்டிய நீர் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீரும் உட்பட, வேண்டியதில்லை என 2001ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தி வருவது இதனாலேயே.

ஒரு கரண்டித் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று கேட்பவர் உண்டு. சிசுவின் இரைப்பை சிறியது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 30 மில்லிலிட்டரே கொள்ளும். நான்கு கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிலிட்டர் சீரகத் தண்ணீர் கொடுத்தால் இரைப்பையின் பாதி நிறைந்துவிடும். வயிறு நிறைந்த குழந்தை பால் குடிப்பதைக் குறைக்கும். குழந்தை குடிப்பது குறைந்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். பின்னர் 'பால் போதவில்லை' என்று மேலும் ஒரு பானம் வரும். கரண்டியும் கிண்ணமும் நோய்க் கிருமிகளுக்கு வழியாவதும் உண்டு. புட்டிகளின் ரப்பர் முனையோ அவற்றிலும் கேடானது. சிறுநீரகம் முதிராத சிசுவுக்கு வெறும் நீர் மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரவும் கூடும்.

தேன் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில் சில வேளை இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும். ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது. வசம்புக்குத் தமிழில் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் இருப்பினும், அதிலுள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள் சிசுவுக்கு ஏற்றதன்று. பெயரை நம்பி மருந்து கொடுத்தல் ஆகாது.

கேரளத்தின் புதிர்

2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, கேரளத்தில் 6. மாநிலத்தின் பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்டோருள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர். கேரளத்தில் ஏறத்தாழ 55 பேர் மட்டுமே. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் மாநிலம் இதில் பின்தங்கியிருப்பது வியப்புக்குரியது. மருத்துவமனையில் அறிவுரை பெறுபவர் தாய். வீடு திரும்பியபின் கரண்டியைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் பாட்டியோ பேறுகால உதவிக்கு வரும் பெண்ணோதான். அறிவுரை அவர்களைச் சென்றடைய வேண்டும். தடுப்பூசி நாளில் தாயுடன் பாட்டியையும் அங்கன்வாடிக்கு அழைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். அறையில் வைத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள், வெயில் நாளில் அதற்கும் முன்னரே, பாலாடையாலோ கரண்டியாலோ ஊட்டிவிட வேண்டும். எக்காரணத்தாலேனும் தாய்ப்பால் கிட்டாத சிசுவுக்கு எப்பால் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் நன்று.

ஆறு மாதத்துக்குப் பின்

ஆறு மாதம் நிறைந்ததும், இணை உணவோடு, கொதித்து ஆறிய நீரைச் சிறு கிண்ணத்தில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் நாள் முழுவதற்கும் அரை முதல் ஒரு தம்ளர் போதுமானது. கிணற்று நீரைச் சீரகமோ சுக்கோ இட்டுக் காய்ச்சும் இப்பகுதி வழக்கம் நல்லதே. நன்மை கொதிப்பில் இருக்கிறது, சீரகத்தில் அன்று.

இப்பருவத்தில் நேரும் பெரும் தவறு, உணவையே பானமாக்கிவிடுவது. கஞ்சித் தெளிவும் பார்லி நீரும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்கா. இரைப்பையின் அளவு மாறாதபோது, அதில் செல்வது கெட்டியாக இருத்தல் வேண்டும். ஏத்தன்காயை உலர்த்திப் பொடித்துக் கிண்டும் குறுக்கும், கூவரகுக் கூழும் இவ்வூர்களின் பழைய செல்வங்கள். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்துவிடாத பதமே சரியான பதம். அங்கன்வாடி வழியே ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கிடைக்கும் குடும்பஸ்ரீ மகளிரின் 'அமிர்தம்' சத்துமாவையும் நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும்.

பழச்சாறு ஒரு வயதுக்குள் வேண்டாம். பழத்தையே மசித்துக் கொடுக்கலாம்.

பேதியின்போது

வயிற்றுப் போக்கில் மட்டும் கணக்கு மாறுகிறது. 1971இல் வங்காள எல்லையிலிருந்த பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. இன்று அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அதன் வழி வந்ததே.

ஒரு பொட்டலத்தை அதில் குறித்த அளவு, பொதுவாக ஒரு லிட்டர், கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பொட்டலம் கிட்டாதபோது ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. கரிக்கு எனப்படும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அது இக்கரைசலுக்கு ஈடாகாது. இக்கரைசலின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கி விற்கப்பட்ட இனிப்புப் பானங்களும் ஈடாகா. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பானங்களுக்கு அப்பெயரைத் தடை செய்தது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குப் பேதி கண்டாலும், எவ்வயதுக் குழந்தையும் சோர்ந்து கண் குழிந்தாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஒரு வயது நிறைந்தபின் பசும்பாலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் கொடுக்கலாம். கருப்பட்டிக் காப்பியும் கட்டன் சாயாவும் பெரியவர்கள் அருந்தும் வேளையில் குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுவது இப்பகுதியில் அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தேநீர் தடுக்கிறது. இரத்த சோகைக்கு இடமுள்ள அவ்வயதில் அந்த ஒரு வாயையும் தவிர்த்தல் வேண்டும்.